மாலத்தீவு: மார்க்கத்தோடு மொழியையும் காத்த தீவு மக்கள்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

குடும்ப தினத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கும்படி ஏதேனும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலவையினர் கேட்டுக்கொண்டார்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பது மாலத்தீவு. 1965ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் அந்த நாடு பிரிட்டிஷாரிடமிருந்து முழு விடுதலை பெற்றது. சரியாகப் பதினான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 9ஆம் நாள், நம் சிங்கப்பூர் தனி நாடானது. அவர்களும் தீவு, நாமும் தீவு. இரண்டு வார இடைவெளியில் பிறந்த இந்த இரு நாடுகளையும் உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். ஆனால் அந்த உடன்பிறப்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் விளம்பரப் படங்களில் வரும் நீலக் கடலும் வெள்ளை மணலும்தான். அந்தப் படத்துக்கு அப்பால் கொஞ்சம் பார்ப்போம்.

மாலத்தீவு ஒரு தீவன்று. ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை 200 அளவில்தான். வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் மாலை போல நீண்டு, நிலநடுக்கோட்டையும் தாண்டிப் போகின்றன. ஆனால் நிலம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர்தான் வரும். நம் சிங்கப்பூரில் பாதிகூட இல்லை. மக்கள்தொகை ஐந்து லட்சத்தை ஒட்டியது. இந்தத் தீவுகள் மலையிலிருந்தோ ஆற்று மண்ணிலிருந்தோ உண்டானவை அல்ல. பவளப் பூச்சிகள் கட்டிய திட்டுகள்மேல் மணல் சேர்ந்து உருவானவை. அப்படி வளையமாக அமைந்த தீவுக்கூட்டத்தை அவர்கள் மொழியில் அதொளு என்பார்கள். அட்டோல் என்று உலகம் முழுவதும் புவியியல் பாடத்தில் படிக்கிறார்களே, அந்தச் சொல் இவர்கள் கொடுத்தது.

அவர்கள் தம்மையும் தம் மொழியையும் திவேஹி என்று அழைக்கிறார்கள். தீவு மக்கள் என்று பொருள். நம்முடைய தீவு என்ற சொல்லும் அவர்களுடைய திவேஹி என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அவர்களுடைய படகுக்கு என்ன பெயர் தெரியுமா? தோனி. நம் தோணியேதான். இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி, அவன் கடல் நடுவே பன்னீராயிரம் பழந்தீவுகளைக் கைப்பற்றியதாகச் சொல்கிறது. அது இந்தத் தீவுகளையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மாலத்தீவு நம் வீட்டு அடுக்களைக்குள்ளும் இருக்கிறது. மாசி என்றதும் இங்குள்ள தாய்மார்களின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கிறோம். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் வழி வந்த வீடுகளில் உம்மா மாசியை உரலில் இடித்து, தேங்காயும் மிளகாயும் வெங்காயமும் சேர்த்துச் சம்பல் செய்து தந்ததை நாம் மறக்கவில்லை. திவேஹி மொழியில் மீனுக்கு மஸ் என்று பெயர். நம் மாசியில் ஒலிப்பது அந்தச் சொல்தான்.

மாசி செய்யும் முறையைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். மாலத்தீவு மீனவர் சூரை மீனைப் பெரிய வலை போட்டு அள்ளுவதில்லை. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் தூவி, சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். முள் இல்லாததால் மீன் படகுக்குள் விழுந்ததும் தூண்டில் தானே கழன்றுவிடும். வேண்டாத மீனோ ஆமையோ மாட்டிச் சாவது மிகக் குறைவு. பிடித்த மீனைத் துண்டம் போட்டு, உப்பு நீரில் வேகவைத்து, புகையிட்டு, கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. வேகவைத்த நீரையும் கொட்டுவதில்லை. அதையே குழம்பாகக் காய்ச்சிச் சுண்டவைத்து ரிஹாகுரு என்ற துவையல் போன்ற பண்டம் செய்கிறார்கள். காலையில் அவர்கள் உண்பது மஸ் ஹுனி: மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை எல்லாம் பிசைந்து ரொட்டியோடு. நம் வீட்டுச் சம்பலுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி.

நெல் விளையாத மணல் தீவுகள் அவை. அப்படியானால் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? கடலில் கிடைத்த சோழியைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். ஆழமில்லாத நீரில் தென்னை மட்டைகளைப் போட்டு வைப்பார்கள். சோழிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைச் சுத்தம் செய்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சோழிதான் சில்லறைக் காசு. இதை எழுதி வைத்தவர் உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதா. 1343இல் மாலத்தீவுக்கு வந்த அவர், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனபோது அங்கும் சோழி காசாகப் புழங்குவதைக் கண்டார். மாலத்தீவுத் தென்னங்கயிற்றின் உறுதியைப் பற்றியும், அதைக்கொண்டு ஆணி இல்லாமல் கப்பல் தைப்பதைப் பற்றியும், அங்கிருந்து இந்தியாவுக்கும் யமனுக்கும் சீனத்துக்கும் போன உலர்மீனைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். நம் மாசிக்கு ஏறத்தாழ 700 ஆண்டு எழுத்துச் சான்று இருக்கிறது என்பதை அடுத்த முறை சம்பல் பரிமாறும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். பல நூற்றாண்டுகள் பௌத்தம் வழங்கிய அந்தத் தீவுகளில் 1153ஆம் ஆண்டு மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். இப்னு பதூதா அங்கே கேட்டு எழுதிய கதை இது. மாதம் ஒரு முறை கடலிலிருந்து விளக்குகள் நிறைந்த கப்பல் போல ஒரு ஜின் தோன்றுமாம். சீட்டு விழுந்த வீட்டுப் பெண்ணை அலங்கரித்துக் கரையோரக் கோயிலில் விட்டுவிட்டு வருவார்களாம். காலையில் அவள் இறந்து கிடப்பாளாம். ஒரு மூதாட்டியின் ஒரே மகளுக்குச் சீட்டு விழுந்தபோது, அவ்வூருக்கு வந்திருந்த ஹாபிஸ் அபுல் பரக்காத் அவர்கள் அந்தப் பெண்ணுக்குப் பதிலாகத் தாமே போய், இரவெல்லாம் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். ஜின் திரும்பிப் போய்விட்டது. மன்னர் கலிமா சொன்னார். அந்தப் பெரியார் வடமேற்கு ஆப்பிரிக்கப் பகுதியான மக்ரிபிலிருந்து வந்தவர் என்று இப்னு பதூதா எழுதினார். பாரசீகத்துத் தப்ரீசிலிருந்து வந்தவர் என்போரும் உண்டு. கதையை எப்படி எடுத்துக்கொண்டாலும், மார்க்கம் அங்கே படையோடு வரவில்லை, ஓதுகிற ஒருவரோடு வந்தது என்றே அந்த மக்கள் 870 ஆண்டுகளாக நினைவு வைத்திருக்கிறார்கள். இப்னு பதூதா அங்கே காஜியாகவும் பணி செய்தார். அவர் இருந்தபோது அரியணையில் இருந்தவர் ஒரு பெண்மணி, சுல்தானா கதீஜா.

நடுவே ஒரு சோதனையும் வந்தது. 1558இல் போர்த்துக்கீசியர் மாலேயைப் பிடித்தார்கள். வடக்கே உதீமு என்ற சின்னத் தீவில் பிறந்த முஹம்மது தகுருஃபானு, தம் சகோதரர்களோடு படகேறி, இரவில் ஒவ்வொரு தீவாக இறங்கிப் போரிட்டு, 1573இல் மாலேயை மீட்டார். கண்ணனூர் அலி ராஜா அவருக்கு உதவினார். ரபீயுல் அவ்வல் முதல் பிறையை இன்றும் அந்நாட்டார் தேசிய தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

தலைநகர் மாலேயில் ஹுகுரு மிஸ்கீ என்ற பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. 1658இல் சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில் கட்டியது. பவளக்கல் கடலுக்குள் இருக்கும்போது மென்மையாக இருக்கும். வெட்டியெடுத்துச் செதுக்கிக் காயவிட்டால் இறுகிவிடும். அந்தக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கல்லில் பூவேலை, எழுத்து வேலை, உள்ளே அரக்கு மெருகிட்ட மரவேலை. அதைவிட நம் மனத்தில் நிற்பது வேறொன்று. அந்தப் பள்ளி பழைய கோயில் ஒன்றின் அடித்தளத்தின்மேல் எழுந்தது என்று சொல்லப்படுகிறது. கட்டடம் நேர் மேற்கைப் பார்க்கிறது. கிப்லாவோ அங்கிருந்து வடமேற்கில் இருக்கிறது. அதனால் அவர்கள் கட்டடத்தை இடிக்கவில்லை. தொழுகை விரிப்புகளைச் சாய்வாக விரித்தார்கள். சுவர் ஒரு பக்கம் பார்க்க, தொழுகை வரிசை மக்காவைப் பார்க்கிறது.

மொழியிலும் அவர்கள் இதையே செய்தார்கள். ஹுகுரு என்றால் வெள்ளிக்கிழமை. சுக்கிரன் என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. புதன்கிழமையை இன்றும் புத என்றே சொல்கிறார்கள். மார்க்கம் வந்ததும் பழைய சொற்களைத் தூக்கி எறியவில்லை. சொல்லை வைத்துக்கொண்டு, அது பார்க்கும் திசையைத் திருப்பினார்கள்.

நம் முன்னோரும் அப்படித்தான் செய்தார்கள். சலாத்துக்குத் தொழுகை என்றார்கள். சவ்முக்கு நோன்பு என்றார்கள். ஈதுக்குப் பெருநாள் என்றார்கள். மஸ்ஜிதைப் பள்ளிவாசல் என்றார்கள். பள்ளி என்பது ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடத்துக்கு வழங்கிய சொல். அந்தப் பழைய அடித்தளத்தின்மேல் நம் பெரியோர் புதிய வரிசையை அமைத்தார்கள். நாம் தினமும் பேசும் இந்தத் தமிழ்தான் நம் ஹுகுரு மிஸ்கீ.

அவர்களுடைய எழுத்தின் கதையைக் கேளுங்கள், பிள்ளைகளே. முன்பு திவேஹியை நம்மைப் போல இடமிருந்து வலமாக எழுதினார்கள். பள்ளிவாசல்களுக்கு அரசர் நிலம் கொடுத்த செய்தியெல்லாம் செப்பேடுகளில் பழைய எழுத்தில் இருக்கிறது. ஆனால் அரபு வலமிருந்து இடமாகப் போகும். ஒரே வரியில் திவேஹியும் அரபுச் சொல்லும் வந்தால் இரண்டும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்ளும். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு வழி பிறந்தது. தானா என்ற புதிய எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்பட்டது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பதின் வடிவங்கள். முஸ்ஹஃபில் ஆயத்துகளின் முடிவில் பார்க்கிறோமே, அதே எண்கள். அடுத்த ஒன்பது எழுத்துகள் அவர்களுடைய சொந்தப் பழைய எண்களின் வடிவங்கள். பாதி அங்கிருந்து, பாதி இங்கிருந்து. உயிரொலிகளைக் காட்ட அரபியின் ஜபர், ஜேர், பேஷ் குறிகளைப் போல மேலும் கீழும் குறிகள். மொழி அவர்களுடையதாகவே இருந்தது.

இந்த எழுத்தை வளர்த்தவை பெரிய கல்லூரிகள் அல்ல. எதுருகே என்று சொல்லும் வீட்டுப் பள்ளிகள். ஓதத் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்மணி, தம் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆனும் தானா எழுத்தும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார். பலகையில் வெள்ளை மணலைப் பரப்பி விரலால் எழுதி அழித்துப் பழகுவார்கள். சாலையும் மின்சாரமும் இல்லாத காலத்திலேயே தீவுக்குத் தீவு எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததற்கு இந்த வீட்டுப் பள்ளிகளே பெரிய காரணம்.

பிறகு ஒரு சறுக்கல். 1970களில் அலுவலகங்களுக்கு டெலக்ஸ் இயந்திரம் வந்தது. அதில் தானா எழுத்து இல்லை. சரி, திவேஹியை ஆங்கில எழுத்திலேயே எழுதிவிடலாம் என்று 1976இல் அரசு முடிவு செய்தது. இயந்திரத்துக்கு வசதி. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் பலர் ஒரே நாளில் எழுத்தறியாதவர்கள் ஆனார்கள். அரசிடமிருந்து வரும் காகிதத்தைத் தாமே படிக்க முடியவில்லை. 1978இல் அதிபர் மாமூன் அப்துல் கையூம் பதவிக்கு வந்ததும் தானா எழுத்தை மீட்டுக் கொடுத்தார். இன்று அந்த எழுத்து கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கிறது. இயந்திரம் எழுத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டது.

இப்போது நம் கைப்பேசியை எடுத்துப் பார்ப்போம். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சலாம் முதல் இறப்புச் செய்தி வரை எந்த எழுத்தில் வருகிறது? தமிழைத்தான் எழுதுகிறோம், ஆனால் ஆங்கில எழுத்தில். நம்மிடம் டெலக்ஸ் தடை எதுவும் இல்லை. தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பள்ளியில் கற்றுத்தருகிறார்கள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இலவசமாகக் கிடைக்கிறது. அவர்கள் மேல் ஓர் அரசாணை சுமத்தியதை நாம் நாமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. தொடங்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், மாலத்தீவு மக்கள் இன்று வேறொரு கவலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய நிலத்தில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயரமில்லை. 1987இல் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அந்த ஆண்டே ஐக்கிய நாடுகள் சபையில் அவர்களுடைய அதிபர் கடல் உயர்வைப் பற்றி எச்சரித்தார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நூறு பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். பல தீவுகளில் கிணற்று நீர் உப்பாகியது. 2009 அக்டோபரில் அமைச்சரவையே முக்குளிப்பு உடையணிந்து கடலுக்கடியில் கூடி உலகத்தின் கவனத்தைத் திருப்பியது. மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலே என்ற புதிய தீவையே, நம்மைப் போலக் கடலைத் தூர்த்து உருவாக்கியிருக்கிறார்கள். கால்கீழ் நிலம் நிலைக்குமா என்ற கேள்வியோடு ஒரு முஸ்லிம் சமுதாயம் வாழ்கிறது. அவர்களுக்காக நாம் துஆ செய்ய வேண்டும்.

நிலத்தை விட்டு வந்த அனுபவம் நம் பாட்டன்மாருக்கு உண்டு. நாகப்பட்டினத்திலும் பிற துறைகளிலும் கப்பலேறி வந்தபோது வீட்டையோ கிணற்றையோ அவர்கள் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது மார்க்கமும் மொழியும். இறங்கியதும் இரண்டுக்கும் இடம் தேடினார்கள். 1826இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலை நிறுவினார்கள். 1887இல் மகுதூம் சாயபு சிங்கைநேசன் என்ற தமிழ் இதழைத் தொடங்கினார். பள்ளிவாசலையும் பத்திரிகையையும் அவர்கள் இரண்டு வேலையாக நினைக்கவில்லை.

நம் வீடுகளில் பலவற்றில் ஒரு பழைய கிதாபு இருக்கும். துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருப்போம். திறந்தால் அரபு எழுத்து. ஆனால் ஓதினால் அரபியாக இராது. அது அரபுத்தமிழ், அர்வி என்பார்கள். தமிழை அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனச் சில எழுத்துகளைக் கூட்டி எழுதிய முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்டத்தை மகானி என்ற நூலாக இந்த அரபுத்தமிழில்தான் தந்தார்கள். எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தபடியே அரபுத்தமிழ் வழியாக மார்க்கம் கற்றார்கள். மாலத்தீவார் தானாவில் செய்ததை நாமும் செய்திருக்கிறோம். அவர்கள் தொடர்ந்தார்கள். நம்மிடம் அது அலமாரிக்குப் போய்விட்டது. முத்தமிட்டு எடுத்து, முத்தமிட்டு வைக்கிறோம். படிக்க முடியவில்லை. உம்மா ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு நமக்குத் தெரியாமல் போகிறது.

எனவே பொன்விழா ஆண்டில் பெரிய திட்டம் எதையும் நாம் முன்வைக்கவில்லை. மூன்று சிறு வேண்டுகோள்கள். ஒன்று, குடும்பக் குழுவில் நாளைக் காலை சலாத்தைத் தமிழ் எழுத்தில் அனுப்புவோம். பிழை வந்தால் வரட்டும். மணல் பலகையில் பிழை அழிவது எளிது. இரண்டு, வீட்டிலிருக்கும் பழைய கிதாபை எடுத்து, அதை ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கும்போதே அவர் முன் பிள்ளையை உட்கார வைப்போம். ஒரு பக்கம் போதும். மூன்று, எதுருகே போல, வாரம் ஒரு மணி நேரம் நம் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்குத் தமிழ் கற்றுத்தர யாரேனும் முன்வந்தால், புத்தகமும் பலகாரமும் சங்கத்தின் பொறுப்பு.

ஐந்து லட்சம் பேர் ஒரு சிறு மொழியை மார்க்கத்தின் நிழலில் இத்தனை நூற்றாண்டு காத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி நம்முடையது. நம்மால் முடியாது என்று சொன்னால் அந்தத் தீவு மக்கள் நம்ப மாட்டார்கள்.

அவர்களுடைய நிலத்தையும் நம்முடைய மொழியையும், நம் எல்லாருடைய ஈமானையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. இந்தச் சங்கத்தை நிறுவி மறைந்த பெரியோர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.